கிண்டியில் சிவில் படித்தவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி உங்கள் நாளிதழில் வாரம் தவறாமல் கட்டுரை வருகிறது. விடாமல் படித்துவிடுவேன். ஆனால் கணினி விஞ்ஞானி ராஜ் ரெட்டியின் பெயர் இதுவரை என் கண்ணில் படவே இல்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1937-இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர் அவர்தான். 1958-இல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கினார், அதுவும் சிவிலில்! அப்புறம் ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, ஐபிஎம்மில் வேலை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான ஜான் மெக்கார்த்தியிடம் முனைவர் பட்டம். 1969-இல் அதே நாட்டின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அங்கேயே நிலைத்துவிட்டார்.

நாம் பேசுவதைக் கணினிக்குப் புரியவைப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. நாம் சொல்லுக்குச் சொல் நிறுத்தியா பேசுகிறோம்? 'சாப்பிட்டாச்சா' என்பது ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. 1976-இல் அவருடைய குழு உருவாக்கிய 'ஹார்பி' என்ற கணினி நிரல், 1011 சொற்கள் கொண்ட ஒரு சொற்பட்டியலுக்குள் அமைந்த தொடர்பேச்சைப் புரிந்துகொண்டது. வரக்கூடிய வாக்கியங்களையெல்லாம் ஒலிகளின் வலையாகப் பின்னி வைத்துக்கொண்டு, காதில் விழும் ஒலிக்கு நன்றாகப் பொருந்துகிற சில வழிகளில் மட்டும் தேடிப் போவது அதன் முறை. மற்ற வழிகளை அங்கங்கேயே கைவிட்டுவிடும். எனக்கு இது பெரிய சாதனையாகப் படுகிறது.

1994-இல் எட்வர்ட் ஃபெய்கன்பாம் என்ற இன்னொரு செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானியுடன் சேர்த்து அவருக்கு, கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது கொடுத்தார்கள். ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2001-இல் பத்ம பூஷண்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போன மாதம் பேத்தி போனில் மைக் படத்தைக் காட்டிக்கொடுத்தாள். அம்மா போனை வாயருகே பிடித்து, கிணற்றடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் உரக்க, "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டார். திரையில் எழுத்து ஓடியது, பதில் குரலாகவே வந்தது. "நான் பேசினது அதுக்குப் புரிஞ்சிருச்சா?" என்று எங்கள் எல்லாரிடமும் மாறி மாறிக் கேட்டார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கணினி பயன்பட வேண்டும் என்று ராஜ் ரெட்டி பல காலமாகச் சொல்லிவருகிறார். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுசாக உறைத்தது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கேட்ட பிரிவு கிடைக்காமல் சிவில் கிடைத்தது என்று முகம் வாடி வரும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். பொறியியல் கலந்தாய்வு தொடங்குவதற்குள் உங்கள் மாணவர் பக்கத்தில் ராஜ் ரெட்டியைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள். வெட்டி எடுத்து அந்தப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விழுப்புரம்