பராமரிப்பே வேண்டாத ஆமையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற செல்லப்பிராணிகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஆமைக்கு நாலே வரி. குலைக்காது, முடி கொட்டாது, ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஒரு டப்பா தீனியும் போதும், பராமரிப்பே வேண்டாம். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான்.

கொளத்தூருக்கு வளர்ப்பு மீன் வாங்கப் போன இடத்தில் என் பையன், அப்போது நாலாம் வகுப்பு, தீப்பெட்டியை விடக் கொஞ்சமே பெரிதாக, பச்சைப் பசேலென்று கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நீந்திய ஒரு குஞ்சைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டான். ரெட் இயர்டு ஸ்லைடர், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துச் சரக்கு. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மாமியார், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஆரம்பித்துவிட்டார். அமீனா என்றால் ஜப்தி செய்ய வரும் கோர்ட்டுச் சேவகர். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆமைதான் நாலே மாதத்தில் சாகக் கிடந்தது.

ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. தீனி போட்டால் திரும்பவே இல்லை. கையில் எடுத்தபோது கட்டைவிரல் பட்ட இடத்தில் ஓடு உள்ளே அமுங்கிற்று, நமத்துப்போன பிஸ்கட் மாதிரி. தெருமுனை கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "நான் நாய் பூனைதான்மா பார்ப்பேன், வேப்பேரிக்குக் கொண்டுபோங்க" என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைதான் அதைக் காப்பாற்றியது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சொன்ன காரணம் இரண்டு. டப்பாவில் இருந்த காய்ந்த இறாலை மட்டுமே போட்டதால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கியிருக்கிறது. வெயில் படாததால் கால்சியம் ஓட்டில் சேரவில்லை. நான் விடவில்லை, தினமும் ஜன்னலோரம்தானே வைக்கிறேன் டாக்டர், வெயில் நன்றாக விழுகிறதே என்றேன். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், ஆமைக்கு வேண்டிய புற ஊதா பி கதிரை விடாது என்றார். அன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் உண்மையான செலவு தொடங்கியது. அந்தப் புற ஊதா பி கதிரைத் தரும் யூவிபி விளக்கு ஒன்று வாங்கினோம். அது எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கதிர் தேய்ந்துவிடும், மாற்றியே ஆக வேண்டும். ஆமை ஏறி உடம்பைக் காயவைத்துக்கொள்ள ஒரு மேடு வேண்டும், அங்கே சூடு முப்பது டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். சென்னையில் தண்ணீருக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை, ஊட்டிக்காரர்கள் தப்பிக்க முடியாது. ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்கு நாற்பது லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் ஆமை இப்போது பத்து அங்குலம். நீங்களே பெருக்கிப் பாருங்கள், கிண்ணம் எங்கே போயிற்று என்று. தண்ணீருக்குள் இருந்தால்தான் அதற்கு விழுங்கவே முடியும், சாப்பிடுவதும் கழிவதும் ஒரே தண்ணீரில்தான். அதனால் ஃபில்டர் ஓடினாலும் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை நான் மாற்றியாக வேண்டும். குஞ்சாக இருக்கும்போது புழு, இறால் என்று கவிச்சி கேட்கும். வளர்ந்த பிறகு கீரைதான் பெரும்பங்கு. எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்தால் முதல் பங்கு அதற்குத்தான்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆமை ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் உடம்பிலும் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு நோய் வந்து வந்து, 1975இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கவே தடை போட்டார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சமையலறை சிங்க்கில் தொட்டியைக் கழுவாதீர்கள்.

இதெல்லாம் கட்டாதபோது பலர் செய்வது, கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்று நினைத்துக்கொள்வது. இருபது முப்பது வருஷம் வாழும் இந்த ஆமை கிடைத்ததையெல்லாம் தின்னும், வெயில் காயும் இடத்துக்கு உள்ளூர் ஆமையோடு சண்டை பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2016லேயே இதை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குளத்து மீனுக்குப் பொரி போடுங்கள், ஆமையைப் போடாதீர்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். கட்டுரைக்கு மேலே ஒரு குழந்தையின் உள்ளங்கையில் மஞ்சள் கோடு கோடாக நட்சத்திரம் வரைந்த ஓட்டோடு இருந்ததே, அது செல்லப்பிராணி அல்ல. இந்திய நட்சத்திர ஆமை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019இல் சர்வதேச வணிகத்தையும் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாமியார் பழமொழி அவர்களுக்குத்தான் பொருந்தும், ஆமையும் அமீனாவும் ஒன்றாக வந்து சேருவார்கள்.

பாம்புக்கு நீங்கள் ஒரே வரிதான் ஒதுக்கியிருந்தீர்கள், 'துணிச்சல்காரர்களுக்கு' என்று. துணிச்சலை விடப் பொறுமைதான் வேண்டும். என்னோடு வேலை பார்த்தவரின் மகன் ஒரு பால் பைத்தான் (ball python) வளர்க்கிறான். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு, அதனால் அந்தப் பெயர். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு பால் குடிக்கும் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா வெள்ளிக்கிழமை டம்ளரோடு வந்தாராம்! எந்தப் பாம்புக்கும் பால் உணவு இல்லை. உறையவைத்த எலியை வெந்நீரில் இளக்கி, வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒன்று கொடுக்கிறான். உயிரோடு விட்டால் எலி பாம்பைக் கடித்துவிடுமாம். எலிக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வாங்கினால்தான் ஆயிற்று என்று அவன் அம்மா ஒரு மாதம் பேசவில்லை. கண் நீலமாக மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம், அப்போது தொடக் கூடாது. இரண்டு மாதம் சாப்பிடாமல் கிடந்தாலும் பதறக் கூடாது. இந்த மாதிரி வெளிநாட்டு விலங்குகளை 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அவன் செய்திருக்கிறான். பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் வந்து இறங்கும் குட்டிகளுக்கு இந்தக் காகிதம் எதுவும் இருக்காது. நம்மூர் சாரை, நாகம் எதையும் வளர்க்க அனுமதியே கிடையாது, வீட்டுக்குள் வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

அடுத்த இதழில் அந்தப் படம் தவறு என்று ஒரு வரி திருத்தமாவது போடுங்கள். முடிந்தால் 'பராமரிப்பே வேண்டாம்' என்பதற்கும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம்.

பி.கு.: எங்கள் பழைய இரண்டடிக் கண்ணாடித் தொட்டி மொட்டைமாடியில் சும்மா கிடக்கிறது. மீன் வளர்ப்பவர் யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன். ஆமைக்கு என்று கேட்டு வருபவர்களுக்குத் தரமாட்டேன்.