வச்சுக்கலாமா, ஷார்ட் பண்ணலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூர்ல ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். பேடிஎம் மாதிரி ஷேர் கையில இருக்குறவங்க எங்ககிட்ட வந்து கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், வச்சுக்கவா இல்ல ஷார்ட் போகவா? (ஷார்ட்னா கையில இல்லாத ஷேர முதல்ல வித்துட்டு, விலை விழுந்ததும் வாங்கிக் குடுக்குறது.) வித்துட்டு சும்மா இருக்கலாமேன்னு ஒருத்தருக்கும் தோணவே மாட்டேங்குது, அதுக்காகத்தான் எழுதுறேன்.

பேடிஎம் கதையையே பாருங்க. 2021 நவம்பர்ல ஐபிஓ விலை 2,150 ரூபாய், லிஸ்ட் ஆன அன்னிக்கே 27 சதவீதம் விழுந்துச்சு. 2024 ஜனவரி 31 சாயங்காலம் பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் டெபாசிட் வாங்குறத நிறுத்தணும்னு ரிசர்வ் பேங்க் கெடு வச்சு உத்தரவு போட்டுச்சு, அன்னிக்கு 760 ரூபாய் பக்கம் இருந்த ஷேர் ரெண்டே நாள்ல 487, ரெண்டு நாளும் 20 சதவீத லோயர் சர்க்யூட். லோயர் சர்க்யூட்னா அன்னிக்கு விலை அதுக்குக் கீழ போக முடியாத எல்லை, அங்க போய் நின்னுட்டா வாங்க ஆளே இல்லன்னு அர்த்தம், கையில வச்சிருந்தவராலயும் விக்க முடியல, ஷார்ட் போக நெனச்சவராலயும் விக்க முடியல. அப்புறம் மே மாசம் 310 வரைக்கும் போச்சு. கம்பெனி முடிஞ்சுதுன்னு நெனச்சு அங்க ஷார்ட் எடுத்து விடாம புடிச்சிருக்க முடிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? டிசம்பர்ல அதே ஷேர் 1,000 ரூபாய்.

310க்கு வாங்குனவருக்கு அதிகபட்ச நஷ்டம் அந்த 310தான், ஷார்ட் போனவருக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது, இத யாரும் தெளிவா சொல்றதில்ல. ஷேர நேரடியா வாங்கி விக்கிற கேஷ் மார்க்கெட்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஷார்ட் பெரும்பாலும் இன்ட்ராடேல, அதாவது ஒரே நாளுக்குள்ள மட்டும்தான், மார்க்கெட் மூடுறதுக்குள்ள திரும்ப வாங்கியே ஆகணும், அதுக்குள்ள விலை அன்னிக்கு ஏறக்கூடிய மேல் எல்லையான அப்பர் சர்க்யூட் அடிச்சிட்டா விக்க ஆள் இருக்காது, டெலிவரி குடுக்க நம்ம டீமேட் கணக்குல ஷேரும் இருக்காது, எக்ஸ்சேஞ்ச் ஏலத்துல வாங்கிக் குடுத்துட்டு அந்த விலை வித்தியாசத்தையும் அபராதத்தையும் நம்ம தலையில கட்டிடும். அந்த பிப்ரவரியிலயே ரிசர்வ் பேங்க் கெடு மார்ச் 15 வரைக்கும் தள்ளிப்போனதும் ஷேர் வரிசையா 5 சதவீத அப்பர் சர்க்யூட் போச்சு, அங்க ஷார்ட்ல மாட்டுனா தப்பிக்க வழியே இல்ல. இந்த விலை தாண்டுனா தானா வாங்கி நஷ்டத்த நிறுத்துன்னு ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேனேன்னு சொல்வாங்க, விக்க ஆள் இல்லாதப்போ ஸ்டாப் லாஸ் என்ன பண்ணும்.

2024 நவம்பர் கடைசியிலதான் பேடிஎம்முக்கு ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப் அண்ட் ஓ), அதாவது பின்னாடி ஒரு தேதிக்கு இப்பவே விலை பேசி வைக்கிற ஒப்பந்தங்கள் வந்துச்சு. இப்ப ராத்திரி தாண்டியும் ஷார்ட் வச்சுக்கலாம், ஆனா ஷேர் எதுத்து ஏறுனா அன்னன்னிக்கே ஈடா மார்ஜின் காசு கட்டணும். 2022லருந்து 2024 வரைக்கும் மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்னு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபியே சொல்லிருக்கு, மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. ரிட்டயர்மென்ட் பணத்தக் கொண்டுவந்து ஆப்ஷன் கேக்குற பெரியவங்கள பாக்குறப்போ நெஜமாவே வயிறு எரியுது சார்.

வச்சுக்கணும்னா அந்தக் கம்பெனி எதுல சம்பாதிக்குது, ரிசர்வ் பேங்க் அடுத்து என்ன சொன்னா அது நிக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கட்டும், தெரியலன்னா வித்துடட்டும். விழும்னு தோணுதுங்குறதுக்காக ஷார்ட் போக வேண்டாம்.

வணிகப் பக்கத்துல டார்கெட் விலை போடுற இடத்துல பாதியாவது ஒதுக்கி, ஷார்ட்ல மாட்டுனா ஏலம் எப்படி நடக்கும், யார் எவ்வளவு கட்டணும்னு ஒரு நாள் விவரமா போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்