துரத்தல் காட்சியில் கண் எங்கே நிற்கிறது?

அன்புள்ள தம்பி கதிருக்கு,

நீ அனுப்பிய பாலைவனத் துரத்தல் காட்சியைப் பார்த்தேன். ஸ்டண்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலாவது வெட்டுக்குமேல் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே பிடிபடவில்லை. வேகமாக வெட்டியதால்தான் குழப்பம் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2015-இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ பாலைவனத் துரத்தலே கதையான இரண்டு மணி நேரப் படம், அதில் ஏறக்குறைய 2,700 ஷாட். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 3 நொடிகூடத் தேறாது. இருந்தும் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது குழந்தைக்கும் புரியும்.

இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் விடாமல் கேட்டது, பார்க்க வேண்டிய விஷயம் ஃப்ரேமின் நட்டநடுவில் இருக்க வேண்டும் என்பது. மானிட்டரின் நடுவிலுள்ள கூட்டல் குறி, கதாநாயகி ஃப்யூரியோசாவின் மூக்கின்மேல் விழ வேண்டும். அடுத்த ஷாட்டில் துப்பாக்கி என்றால் அதுவும் அதே இடத்தில். கண் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது உன் காட்சிக்கு வா. லாரி டிரைவர் திரும்பிப் பார்க்கும் ஷாட் வெறும் 18 ஃப்ரேம், அதாவது முக்கால் நொடி. அவர் முகம் இடது மேல் மூலையில். அதற்கு முந்தைய ஷாட்டில் ஜீப் சக்கரம் வலது கீழ் மூலையில். கண் குறுக்கே ஓடி முகத்தைப் பிடிப்பதற்குள் நீ அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டாய். நல்லவேளை, 4கே-யில் எடுத்திருக்கிறாய். அதைவிடச் சிறிய ஹெச்.டி. அளவில் எடிட் செய்தால் ஒவ்வொரு ஷாட்டையும் நகர்த்த இடம் கிடைக்கும். மானிட்டரின் நடுவில் ஒரு சின்ன டேப் துண்டை ஒட்டி, சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிடு. கண் டேப்பை விட்டு எங்கே தாவுகிறதோ அந்த வெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். பேச்சுக் காட்சிகளில் இதைச் செய்யாதே. எல்லா முகமும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆகிவிடும்.

நடுவில் வைத்தால் மட்டும் போதாது, அரை நொடியில் அடையாளமும் தெரிய வேண்டும். உன்னுடைய இரண்டு ஜீப்பும் வெள்ளை! ஃப்யூரி ரோடில் காலின் கிப்சனின் கலைக் குழு ஏறக்குறைய 150 வண்டி கட்டியது. வெளிக்கோட்டு உருவத்தை வைத்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். வில்லனுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய இரண்டு 1959 மாடல் கேடிலாக். துரத்தி வரும் பஸர்ட் கூட்டத்தின் வண்டிகளுக்கு உடம்பெல்லாம் முள். ஃப்யூரியோசாவின் வார் ரிக் ஒரு டாட்ரா லாரி, மேலே செவ்ரோலே கார் உடல். உனக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஒரு ஜீப்பின் கூரையில் உயரமாக எதையாவது கட்டு, இன்னொன்றின் கூரையைக் கழற்றிவிடு.

அடுத்தது வேகம். பாலைவனத்தில் பின்னால் ஓடி மறைய மரமோ கம்பமோ கிடையாது. இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போனால், எண்பதில் போனாலும் நிற்பதுபோலத்தான் இருக்கும். கேமராவைத் தரையோடு இறக்கு, முன்னால் கல்லும் புழுதியும் ஓடட்டும். மில்லர் இன்னொன்றும் செய்தார்: சீல் சொன்ன கணக்குப்படி படத்தில் பாதிக்கு மேல், நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற வழக்கமான வேகத்தில் ஓடவில்லை. புரியாத ஷாட்டை நீட்டினார்கள், மந்தமானதைச் சுருக்கினார்கள். நீ 22-இல் எடுத்து 24-இல் ஓட்டினால் 9 சதவீத வேகம் கூடும், யாருக்கும் தெரியாது. 20-இல் எடுத்தால் 20 சதவீதம். 18-க்குப் போனால் மாட்டிக்கொள்வாய்: புழுதி சட்டென்று அடங்கும், கொடி படபடக்கும், பத்து டன் லாரி பொம்மையாகத் துள்ளும். வசனம் பேசும் வாய் தெரியும் ஷாட்டில் கை வைக்காதே.

ஃப்யூரி ரோட் சிஜியே (கணினி வரைகலையே) இல்லாத படம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஏறக்குறைய 2,000 ஷாட்டில் வேலை நடந்திருக்கிறது: வயர் அழிப்பு, புயல், மலை, ஃப்யூரியோசாவின் துண்டான கை. ஆனால் வண்டியும் ஆளும் பெரும்பாலும் நிஜம். கம்பத்தின் உச்சியில் ஆடிக்கொண்டே தாவும் ஆட்களை சிஜியில்தான் செய்ய முடியும் என்று மில்லர் நினைத்திருந்தார். ஸ்டண்ட் ஒருங்கிணைப்பாளர் கை நாரிஸ், அடியில் எதிர் எடை கட்டிய கம்பங்களோடு ஒத்திகை பார்த்து, ஓடும் வண்டியில் செய்தே காட்டினார்.

இரவுக் காட்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பகலில் எடுத்து இரவாக்குவதற்கு நம்மில் பலர் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தை, குறைத்து எடுப்போம். பிறகு நிறம் திருத்தும் டி.ஐ.-யில் இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினால் நாய்ஸ், அதாவது புள்ளிபுள்ளியான இரைச்சல், கொட்டும். ஃப்யூரி ரோட் குழுவினர் தலைகீழாக 2 ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம், கூட்டி எடுத்தார்கள். பிறகு நிறம் திருத்தும் கலரிஸ்ட் எரிக் விப் அதை இறக்கி நீலமாக்கினார். நிழலுக்குள் விவரம் சுத்தமாக நின்றது. ஆபத்து வெளிச்சத்தில்தான். வானமும் பளபளக்கும் உலோகமும் வெளுத்துப்போனால் மீட்க முடியாது. பம்பரில் கொஞ்சம் சேறு பூசு, வானத்தை ஃப்ரேமில் கொஞ்சமாக வை.

ரஷஸ் (வெட்டாத மூலக் காட்சிகள்) அதிகமாகிவிட்டது என்று புலம்பியிருக்கிறாய். உனக்கு 11 மணி நேரம். ஃப்யூரி ரோட் எடிட்டர் மார்கரெட் சிக்சலுக்கு ஏறக்குறைய 480 மணி நேரம். அதற்குமுன் அவர் ஆக்‌ஷன் படம் வெட்டியதே இல்லை; அதனால்தான் மில்லர் அவரிடம் கொடுத்தார். ஆஸ்கரும் வந்தது. படத்தின் கறுப்பு வெள்ளைப் பதிப்பு கிடைத்தால் சத்தமில்லாமல் பார். நிறம் போனபிறகு ஃப்ரேம் அமைப்பு மட்டும் பளிச்சென்று தெரியும்.

மீதிக் காட்சியை எடுக்கும்போது டயர் தடத்தைக் கவனி. முதல் டேக்கிலேயே மணலில் கோடு விழுந்துவிடும்; அடுத்த டேக்கில் ஆளில்லாத பாலைவனம் நெடுஞ்சாலை ஆகிவிடும். மணல் என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் பத்தடி தள்ளி ஓட்டு, அல்லது முள்கிளையைக் கட்டி இழுத்து அழி. சரளைத் தரை என்றால் அழிக்க முடியாது. அந்தப் படம் எடுத்த நமீபியாவின் சரளைச் சமவெளிகளில் தடம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே கிடக்கும். அத்தகைய தரையில் ஏற்கெனவே பாதை இருக்கும் இடத்தில் மட்டும் வண்டியை இறக்கு, ஒத்திகையை வேறு இடத்தில் முடித்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்