உப்புக்கரைசலில் சர்க்கரை எதற்கு?

அன்புள்ள கயலுக்கு,

பேரனுக்கு வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று கேட்டபிறகுதான் எனக்குப் போன உயிர் வந்தது. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொட்டலத்தில் சர்க்கரை எதற்கு, ருசிக்கா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. உயிரியல் பாடம் நடத்தியவளுக்கு அதைப் போனில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

குடல் செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பிலுள்ள சோடியமும் சரி, குளுக்கோஸ் என்னும் சர்க்கரையும் சரி, தாமாக அதைக் கடக்க முடியாது. சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் கடத்திவிட வேண்டும். அவற்றில் எஸ்ஜிஎல்டி1 என்று ஒன்று. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்தில் வேறொரு புரதம் ஆற்றலைச் செலவழித்து, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அது ஓயாமல் வேலை செய்வதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவுதான் குடலிலிருந்து சோடியத்தை இழுக்கிறது. குளுக்கோஸும் கூடவே வந்துவிடுகிறது. இவை போகும் பக்கம் தண்ணீரும் போகும்.

காலரா நச்சு, செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. ஆனால் எஸ்ஜிஎல்டி1 மட்டும் கெடுவதில்லை! சர்க்கரையோடு கொடுத்தால் உப்பும் நீரும் அப்போதும் உள்ளே போகும். எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கும். சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே செல்கின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் ஐரோப்பாவின் பிராகா நகரில் முன்வைத்தார். 1971இல் வங்கதேச அகதிகள் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, மேற்கு வங்கத்தின் போங்காவில் டாக்டர் திலீப் மகாலனாபிஸிடம் நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்துக் குடிக்கவே கொடுத்தார். சொந்தக்காரர்களே பக்கத்தில் இருந்து புகட்டினார்கள். அங்கே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

இப்போதைய கணக்கு, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். பிள்ளை விரும்பிக் குடிக்கட்டும் என்று கூடுதலாகச் சர்க்கரை போட்டுவிடாதே. உறிஞ்சப்படாத சர்க்கரை தண்ணீரைக் குடலுக்கே திருப்பி இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். பாட்டில் ஜூஸ் வேண்டாம் என்று நான் கத்துவதும் அதனால்தான். உறையில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரை. ஒரு நாளுக்கு மேல் வைக்காதே. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

அன்புடன்,
அம்மா