செல்வத்துக்கு ஒரு கடிதம்

வால்பாறை
தை 6

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. கயல் பிளஸ் டூ முடித்ததும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாமா எஸ்டேட்டில் அப்படி என்னதான் வேலை பார்க்கிறார் என்று கேட்டாளாமே, அவளுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவளிடம் கொடு.

நாம் சிறுவர்களாக இருந்தபோது தொழிலாளர் லைன் வீடுகள் பக்கம் யானை வந்தால் என்ன நடக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். தகரம் தட்டுவார்கள், பட்டாசு கொளுத்துவார்கள், இளவட்டங்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும். யானை எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனுக்குள் போய்விட்டால் அத்தோடு சரி. மிரண்டுபோன ஒரு யானை உங்கள் பக்கம் வருகிறது என்று அந்த டிவிஷன்காரர்களுக்கு யாரும் தகவல் சொன்னதில்லை. இப்போது அந்தத் தகவலைச் சொல்வதற்காகத்தான் வாட்சரான எனக்குச் சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்க மஸ்டர் கூடுவதற்கு முன்பே யானை எந்தக் காட்டில் நிற்கிறது, கூட்டமா தனிக் கொம்பனா, குட்டி இருக்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அதை வைத்துத்தான் அன்றைக்கு எந்த நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுப்பது என்று மேஸ்திரி முடிவு செய்வார். சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று. சாயங்காலச் சுற்றுதான் முக்கியம், ஏனென்றால் வேலை முடிந்து ஜனங்கள் கடைக்கும் கோயிலுக்கும் நடக்கிற நேரம் அது.

யானையைக் கண்ணால் பார்க்கிற நாள் குறைவுதான். பெரும்பாலும் தடம் பார்த்துத்தான் சொல்கிறோம். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் கொஞ்சம் நீள்வட்டம். நக அடையாளம் எந்தப் பக்கம் பதிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போயிருக்கிறது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். கயலிடம் சொல், நம்ப மாட்டாள். ஈர மண்ணில் தடத்தின் ஓரம் கூராக நின்றால் புதுசு. மழைத்துளி விழுந்து குழி குழியாக இருந்தால் மழைக்கு முன்னால் போனது. லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, காலால் பிரித்துப் பார்த்தால் உள்ளே சூடு இருக்கிறதா என்று தெரியும். தின்ற தழை எது, ரேஷன் அரிசி ஏதும் கிடைத்ததா என்பதுகூடத் தெரிந்துவிடும்.

யானை காட்டைவிட்டு ஊருக்குள் புகுந்தது என்று பேப்பரில் போடுகிறார்களே, எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. வால்பாறை மேட்டுநிலம் மொத்தம் 220 சதுர கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் பரம்பிக்குளம், அந்தப் பக்கம் வாழச்சால். சுற்றிலும் காடு, நடுவில் தேயிலை. இந்தத் தேயிலையே 1890களிலிருந்து காட்டை வெட்டி நட்டதுதானே. ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் போக யானைக்கு நம் எஸ்டேட்டைத் தவிர வேறு வழி எது? பகலில் ஆற்றோர மரங்களிலும் எஸ்டேட்டுக்குள் மிச்சமிருக்கிற சோலைத் துண்டுகளிலும் நின்றுவிட்டு இருட்டியதும் நகர்கிறது. நடு ஆறும் சோலையாறும்தான் அதற்குச் சாலை. அந்த ஆற்றோரத்து மரங்களை வெட்டாமல் விட்டாலே பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் கருத்து. மேலிடத்திலும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

இங்கே யானையால் செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதன் வழியில் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள். யானை அங்கே நிற்பது தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார்கள். இதைக் கணக்கெடுத்துக் காட்டியது காட்டுயிர் ஆராய்ச்சி செய்கிற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள். யானை எங்கே நிற்கிறது என்பதை முதலில் கேபிள் டிவியில் கீழே தமிழில் ஓடவிட்டார்கள், 2011இல் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வர ஆரம்பித்தது. மேடான இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால் அந்தந்த ஊர்க்காரர்களே போன் அடித்து அதை எரியவிடுவார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் விளக்கைப் பார்த்ததும் நின்றுவிடுவார். எங்கள் எஸ்டேட்டில் வாட்சர்கள் சொல்கிற தகவலும் இந்த வலையில்தான் போய்ச் சேர்கிறது.

ஆனால் செல்வம், ஆள் மாறிவிட்டது. நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேர் உன்னைப் போலத் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். நம் லைன் வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள். அவர்களுக்குத் தமிழ் எஸ்எம்எஸ் வந்து என்ன பயன்? வீட்டுக்குப் பின்னால் புதரும் தேயிலையும் ஒட்டி இருந்தால் இருட்டியபின் பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்று நமக்கு நம் பாட்டிகள் சொன்னார்கள். அவர்களுக்கு இந்த மலையில் பாட்டிகள் இல்லை. கொஞ்ச காலமாகச் சிறுத்தையிடம் போன குழந்தைகள் அந்தக் குடும்பத்துக் குழந்தைகள்தான். 2025 ஆகஸ்டில் அசாம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இறந்தபோது எல்லோரும் சிறுத்தை என்றார்கள். பிறகு காயங்களைப் பார்த்து அது கரடி என்று தெரிந்தது. அது தெரிய வேண்டாமா? சிறுத்தைக்கு வைக்கிற கூண்டு கரடிக்கு எதற்கு? எந்த மிருகம் என்று நிதானமாகப் பார்க்காமல் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

நான் இப்போது இந்தி கற்றுக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து லைன் லைனாகப் போய் விளக்கு எப்போது எரியும், எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். அங்கே ஜார்க்கண்ட்டிலும் யானை உண்டு, அதனால் பெரியவர்களுக்கு யானை பற்றி நன்றாகவே தெரிகிறது. அவர்களுக்குத் தெரியாதது இந்த இடம், இந்த வழி.

சரி, கயலுக்கு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். ஆற்றோரத்துப் பெரிய மரப் பொந்தில் இருவாச்சி அடைந்திருக்கிறது. பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கீற்று மட்டும் விட்டிருக்கிறது. இனிக் குஞ்சு வளரும்வரை ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து அலகு நுனியில் வைத்து நீட்டும். ஆணுக்குக் கண் சிவப்பு, பைனாகுலரில் தெளிவாகத் தெரியும். நாங்கள் தள்ளி உட்கார்ந்து எப்போது வருகிறது, என்ன பழம் என்று குறித்துக்கொள்கிறோம். புதுத்தோட்டத்தில் சோலைமந்திகளுக்காக ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதையும் காட்டலாம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு, இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு வா. ஏப்ரல் வரைக்கும் கூட்டில் வேலை நடக்கும். பொள்ளாச்சியில் காலை பஸ்ஸைப் பிடி. 40 கொண்டை ஊசி வளைவையும் வெளிச்சத்தில் ஏறினால் வழியில் வரையாடு பார்க்கலாம். தங்கச்சிக்கும் லீவு கிடைத்தால் நல்லது. வீட்டில் இடம் இருக்கிறது, லாட்ஜ் எல்லாம் போட வேண்டாம். திருப்பூரில் தண்ணீர் புகாத டார்ச் நல்லதாகக் கிடைத்தால் இரண்டு வாங்கி வா, இங்கே கிடைப்பது ஒரு மழைக்குத் தாங்குவதில்லை. பணம் வந்ததும் தருகிறேன்.

அன்புடன்,
ராஜு