டிவி தயாரிப்பாளர்களே, ஓரத்து நிறங்களை மட்டும் கொடுங்கள்

டிவி தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். டிவியின் முதுகில் எல்இடி பட்டை ஒட்டி, திரையில் ஓடும் படத்தின் நிறத்திலேயே பின்சுவரையும் ஒளிர வைப்பவர்கள் சார்பில் எழுதுகிறேன். 2004இல் பிலிப்ஸ் ‘ஆம்பிலைட்’ என்ற பெயரில் இதை டிவிக்குள்ளேயே வைத்து விற்கத் தொடங்கியது. வேறு டிவி வைத்திருக்கும் நாங்கள் கையால் செய்துகொள்கிறோம்.

விளக்கு வேலை கடினமே இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி நிறம் கொடுக்கக்கூடிய டபிள்யூஎஸ்2812பி பட்டை, அதை இயக்கும் வைஃபை வசதியுள்ள சின்ன ஈஎஸ்பி32 போர்டு, 5 வோல்ட் பவர் சப்ளை எல்லாம் கிடைக்கும். பட்டையில் டேட்டா கம்பி ஒன்றுதான். முதல் எல்இடி தனக்குரிய 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்பிவிடும். முழு வெள்ளையில் ஓர் எல்இடி 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். மீட்டருக்கு 60 எல்இடி என்றால் 3.6 ஆம்பியர். அதனால் டிவியின் யுஎஸ்பியை நம்பாமல் தனி சப்ளை வைக்கிறோம், பட்டையின் இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுக்கிறோம். மேலேயும் இரு பக்கமும் ஒட்டினாலே போதும் என்பது என் கருத்து. கீழே ஒட்டினால் மேசையில் பட்டுக் கண் கூசும்.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. படத்தின் நிறம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளை ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை டிவிக்கும் மற்றொன்றைப் படத்தைக் கணினிக்குள் வாங்கித் தரும் கேப்சர் டாங்கிளுக்கும் கொடுக்கிறோம். அதை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் ஹைப்பீரியன் மென்பொருள் வாங்கி, ஓரங்களின் சராசரி நிறத்தைக் கணக்கிட்டுப் பட்டைக்கு அனுப்புகிறது. நகலெடுக்க முடியாதபடி பூட்டிய சிக்னல் என்றால் டாங்கிளுக்கு ஒன்றும் வராது. வெளிச்ச வேறுபாடு கூடுதலாக உள்ள எச்டிஆர் படத்தைச் சாதாரணப் படமாகச் சரியாக மாற்றாமல் வாங்கினால் நிறமெல்லாம் வெளிறிப்போகும். கணக்கிட்டு முடிப்பதற்குள் காட்சி மாறி, வெளிச்சம் படத்துக்குப் பின்னால் ஓடுவதும் உண்டு.

இவ்வளவும் வெளியிலிருந்து வரும் படத்துக்குத்தான். இன்று பெரும்பாலான வீடுகளில் படம் ஓடுவது டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில். அந்தப் படம் எந்தத் துளை வழியாகவும் வெளியே வருவதில்லை. ஆண்ட்ராய்டு டிவியில் திரையைப் பிடிக்கும் ஆப் போட்டாலும், பாதுகாக்கப்பட்ட படம் வெறும் கறுப்பாகத்தான் கிடைக்கிறது. சிலர் டிவியின் முன்னால் கேமரா மாட்டுகிறார்கள், சிலர் வாரன்டி போனாலும் போகட்டும் என்று டிவியின் மென்பொருள் பூட்டையே உடைத்து ‘ரூட்’ செய்கிறார்கள். காசு கொடுத்து டிவி வாங்கியவர்களை இந்த நிலைக்குத் தள்ளலாமா?

நாங்கள் கேட்பது படத்தை அல்ல. திரை ஓரத்தை 100 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சராசரி நிறத்தையும் வீட்டு நெட்வொர்க்கில் தாருங்கள். கட்டத்துக்கு 3 பைட், நொடிக்கு 30 முறை என்றால் மொத்தம் 9,000 பைட்தான். ஒரே ஒரு 4கே பிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கோடி பைட் இருக்கிறது. நூறு சராசரி நிறங்களை வைத்துக்கொண்டு யாராலும் படத்தைத் திருட முடியாது. திருட்டுப் பயம் என்ற காரணம் இங்கே செல்லாது.

இது புதிய யோசனையும் இல்லை. பிலிப்ஸ் மாடல்கள் பலவற்றில் ஜாயின்ட்ஸ்பேஸ் என்ற நெட்வொர்க் வசதி வழியாக ஆம்பிலைட் நிறங்களை எண்களாகவே நெட்வொர்க்கில் வாசிக்க முடிந்தது. ஓரத்து நிறத்தைக் கணக்கிட உங்களுக்கும் எல்லா வசதியும் இருக்கிறது. எச்டிஆர் மாற்றம் முடிந்த, திரைக்குப் போகும் அதே படம் உங்கள் சிப்பில்தான் இருக்கிறது. நீங்களே கொடுத்தால் நிறமும் பிசகாது, நேரமும் பிசகாது. ஸ்ப்ளிட்டர், டாங்கிள், ராஸ்பெர்ரி பை எதுவும் வேண்டாம். டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ஒரு ஈஎஸ்பி32 நேரடியாகப் பட்டையை ஓட்டிவிடும். பள்ளி மாணவர்கள் கூட ஒரு சனிக்கிழமையில் செய்துவிடலாம். மின்னோட்டம், நிறம், நெட்வொர்க் மூன்றையும் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள இது நல்ல வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

தொடக்கத்தில் இந்த வசதி அணைந்தே இருக்கட்டும். டிவியின் சொந்தக்காரர் செட்டிங்ஸில் போய் இயக்கினால் மட்டும் வேலை செய்யட்டும், வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி எதுவும் போக வேண்டாம். எந்த வரிசையில் எந்த பைட் வரும் என்று ஒரு பக்க விளக்கம் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு மாடலுக்கு மட்டும் என்று ஒதுக்காமல், இப்போது வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் டிவிகளில் எவற்றால் முடியுமோ அவற்றுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட்டாகக் கொடுங்கள்.

அன்புடன்,
பட்டை ஒட்டும் ஒரு டிவி ரசிகன்