சேகருக்கு: பல்லும் மூளையும் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீங்கிய கன்னத்தோடு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றால், வலி அவ்வளவு மோசமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகு பகலெல்லாம் படிப்பு, சாயங்காலம் பேத்தியோடு வம்பு என்று பொழுது போகிறது.

நீ எழுதியதில் ஒரு வரியை மட்டும் சும்மா விட மனசு வரவில்லை. "மூளை பெருக இடம் வேண்டியிருந்தது, அதனால்தான் பல் சிறுத்தது" என்று உன் பல் டாக்டர் சொன்னாராமே. நாம் படித்த காலத்திலும் இதைத்தான் சொன்னார்கள். தராசுத் தட்டு போல ஒன்று ஏற, மற்றது இறங்கும் என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எலும்புகள் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

2017ல் ஐடா கோமஸ்-ரோப்லெஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஆதிமனித இனங்களின் மூளையும் பற்களும் எந்த வேகத்தில் மாறின என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூளை சில கட்டங்களில் திடீரென்று வேகமெடுத்திருக்கிறது. பற்களோ ஏறக்குறைய ஒரே சீராக மாறி வந்திருக்கின்றன. ஒன்றுதான் மற்றொன்றை இழுத்தது என்றால் வேகமும் சேர்ந்தே ஏறியிருக்க வேண்டும். அப்படி இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013ல் எலும்புகளாகக் கிடைத்த ஹோமோ நலேடி என்ற ஆதிமனித இனத்தையே எடுத்துக்கொள். பல் சின்னது, மூளையும் சின்னது. நம்முடையதில் பாதிகூடத் தேறாது. ரொம்பப் பழைய ஆள் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். வயதைக் கணக்கிட்டதும், சுமார் 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுகளுக்குள் வந்து நின்றது. நம் இனம் தலைகாட்டும் காலத்திலேயே, சின்னப் பல்லும் சின்ன மூளையுமாக ஒரு கூட்டம் நடமாடியிருக்கிறது. உன் டாக்டரிடம் இதற்கு என்ன பதில் என்று கேள்.

அப்படியானால் பல் ஏன் சிறுத்தது? எனக்கு நம்பத் தோன்றுவது கத்திக் கதைதான். கத்தி என்றால் கல்லை உடைத்துச் செய்த கூரான சில்லு. காத்ரீன் ஸிங்க், டேனியல் லீபர்மேன் என்ற இருவர் ஆட்களை உட்கார வைத்துப் பச்சை ஆட்டிறைச்சியையும் கிழங்கையும் மெல்லச் சொன்னார்கள். இறைச்சியை முழுசாகக் கொடுத்தால், எவ்வளவு மென்றாலும் சூயிங்கம் மாதிரி அப்படியே கிடந்ததாம்; நறுக்கிக் கொடுத்தால் துண்டு துண்டாகிவிட்டது. உணவில் மூன்றில் ஒரு பங்கு இறைச்சியாகி, அதைக் கல்லால் நறுக்கி, கிழங்கை நசுக்கித் தின்றாலே மெல்லும் தடவை 17 சதவீதம் குறையும் என்று 2016ல் எழுதினார்கள். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பாதி வேலையைக் கை முடித்துவிட்டது.

சரி, இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பல்லின் அளவை விடு, பல்லுக்குள் எழுதியிருக்கும் நாட்குறிப்பைப் பார். பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் உருவாகும்போது நாளுக்கு ஒரு மெல்லிய கோடு விழுகிறது. பிறந்த நாளன்று விழும் கோடு மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், அந்த அதிர்ச்சி அப்படி. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் குழந்தை எத்தனை நாள் வாழ்ந்தது என்று சொல்லிவிடலாம். இறந்து எத்தனை லட்சம் ஆண்டு ஆனாலும் கோடு அழிவதில்லை.

அந்தக் கடைவாய்ப் பல் சிம்பன்ஸிக்கு மூன்று, நான்கு வயதுக்குள் முளைத்துவிடும். நமக்கு ஆறு வயது ஆகும். என் பேத்திக்கு இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது, வீடே அல்லோலகல்லோலம். குரங்கினங்களில் மூளை பெரிதாகப் பெரிதாக இந்தப் பல் தாமதமாக வரும் என்று ஹோலி ஸ்மித் என்ற ஆய்வாளர் 1989ல் காட்டினார். ஆக, பல் மெதுவாக வந்தால் நீண்ட பிள்ளைப்பருவம், அதற்குக் காரணம் பெரிய மூளை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அதையும் ஒரு பையன் கலைத்துவிட்டான். பையனோ பெண்ணோ, தெரியாது. ஜார்ஜியா நாட்டின் த்மனிஸியில், சுமார் 17.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பதினோரு வயதில் செத்துப்போன பிள்ளை. அதன் பற்களை பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தின் வலுவான எக்ஸ்ரே கதிரில் வைத்து, உடைக்காமலே உள்ளே கோடு எண்ணினார்கள். 2024ல் முடிவு வந்தது. முதல் ஐந்து வருஷம் கடைவாய்ப் பற்கள் நம் பிள்ளைகளைப் போல நிதானமாக உருவாகி, அப்புறம்தான் ஓட்டம் பிடித்திருக்கின்றன. த்மனிஸி ஆட்களின் மூளை அப்படியொன்றும் பெரிதில்லை. பெரிய மூளை வருவதற்கு முன்பே நீண்ட பிள்ளைப்பருவம் எட்டிப்பார்த்துவிட்டது என்றுதான் ஆகிறது. பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சோறு ஊட்டி வளர்த்த வழக்கம் முன்னால் வந்திருக்கலாம், மூளை பின்னால் பெருத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். ஒரு பிள்ளையை வைத்து இவ்வளவு பேசலாமா என்று நீ கேட்பாய். நியாயம்தான், இன்னும் நாலு பல் கிடைக்கட்டும்.

ஆனால் அதே த்மனிஸியில் கிடைத்த ஒரு கிழத்தின் மண்டையோடும் இருக்கிறது. ஒரே ஒரு பல்தான் மிச்சம். மற்றப் பற்கள் இருந்த குழிகளெல்லாம் எலும்பு வளர்ந்து மூடியிருக்கின்றன. பல் போன பிறகும் அந்த ஆள் சில வருஷம் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார். கல்லால் நசுக்கி யாராவது கொடுத்தார்களா, தானே நசுக்கிக்கொண்டாரா என்று எலும்பு சொல்லாது. யாரோ கொடுத்தார்கள் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

பிடுங்கிய பல்லைத் தூக்கி எறிந்துவிடாதே, அடுத்த முறை வரும்போது கொண்டு வா. கோடு எண்ணும் கருவி என்னிடம் இல்லைதான், பேத்திக்குக் காட்டலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்